மனோரஞ்சிதம் என்ற பேருக்கு மேலே

இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்காருங்கள், என்னால் சத்தமாக நினைக்க முடியாது, அக்கா பக்கத்து நாற்காலியில் இருக்கிறது. அதற்குக் காது அப்படி. அடுப்பில் பால் இன்னும் பொங்கியிருக்காது, கூடத்தில் இருந்துகொண்டே பொங்கப்போகுது போய்ப் பாரு என்று சொல்லும். நான் மனசுக்குள் ஒரு விஷயத்தை நாலு தரம் புரட்டினால் என்ன ராக்கு முணுமுணுக்கிற என்று கேட்கும், எனக்கு உதடு அசைந்திருக்காது, ஆனாலும் கேட்கும். அதனால் மெதுவாக. எதிரே மேடை. மேடையில் ஒரு மரச்சட்டம் நிற்கிறது, மேலே பச்சைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். துணிக்குப் பின்னால் அந்தப் போஸ்டர். எழுபத்தி மூணாம் வருஷத்துப் பங்குனி நாடக விழாப் போஸ்டர், இப்போது அப்படியே திரும்ப அச்சடித்து வந்திருக்கிறது. அதில் மனோரஞ்சிதம் என்று கொட்டை எழுத்தில் பேர் இருக்கிறது. பேருக்கு மேலே முட்டை வடிவத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு பெண்பிள்ளை முகம். மனோரஞ்சிதம் அக்காவுடைய பேர். அந்த முகம் அக்காவுடைய முகம் இல்லை. இது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. சிறப்பு விருந்தினர் யாரோ வரவேண்டுமாம், ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டாராம், அவர் வந்ததும் மணியடித்துத் துணியை எடுப்பார்கள். அந்தக் கேட்டில் ரயில் வந்துகொண்டே இருக்கட்டும், கூட்ஸ் வண்டியாக வரட்டும், பெட்டி பெட்டியாகப் போய் முடியாமல் இருக்கட்டும் என்று நான் மண்டபத்துச் சாமி படத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். அக்கா மாம்பழக் கலர் பட்டில் வந்திருக்கிறது. இந்த வயசில் கண்ணுக்கு மை. எதிர் நாற்காலி முதுகில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது, என்ன தாளம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் தப்பாத தாளம் என்று தெரிகிறது.

அக்கா என்றால் கூடப் பிறந்தது இல்லை. ஓரகத்தி. பெரியவர் கட்டியது அக்காவை, சின்னவர் கட்டியது என்னை, ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது, நாங்கள் மட்டும் ஒரே வீட்டில் ஒரே டிவிக்கு முன்னால் ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறோம். அக்கா மகன் செல்வத்தோடு, அவன் பெண்டாட்டி பிரமிளாவோடு. கல்யாணத்துக்கு முன்னால் அக்கா நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது ராஜாவுக்கு எதிரே ராணியாக நிற்கிற ஆள். ஊர் ஊராகப் போயிருக்கிறது. அது நான் இந்த வீட்டுக்குள் வருவதற்கு முன்னால். நான் ஒரு நாள்கூட அக்காவை மேடையில் பார்த்ததில்லை. செல்வம் பார்த்ததில்லை. பிரமிளா பார்த்ததில்லை. பெரியவரை விட்டால் பார்த்தவர்கள் என்று சொல்ல எங்கள் மாமியார் ஒரு ஆள் இருந்தது, அது பார்த்ததாக ஒப்புக்கொள்ளவே இல்லை. பெரிய மகன் பிடிவாதம் பிடித்து இவளைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது மாமியார் ஒன்றே ஒன்று சொன்னதாம், கொட்டகை வாசனை எதுவும் என் வாசப்படியத் தாண்டக் கூடாது என்று. சலங்கை, சவுரி, வேஷத் துணி, போட்டோ, எல்லாவற்றையும் கம்பெனியோடு விட்டுவிட்டு அக்கா ஒரு தகரப் பெட்டியோடு வந்தது. என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டு ஆள் ஒருத்தர், நீங்க பாடுவீங்களாமே, ஒண்ணு பாடுங்க என்று கேட்டார். அக்கா தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கட்டியிருக்கு என்றது. அன்றைக்குக் கட்டின தொண்டை அப்புறம் அவிழவே இல்லை. மாமியார் செத்துப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, பந்தல்காரன் கம்பைப் பிடுங்கிக்கொண்டு இருக்கும்போதுதான் அக்கா முதல் தடவையாக வாயைத் திறந்து, நான் ராணியா நின்னா பின்னாடி உக்காந்திருக்கிற டீக்கடைக்காரன் கிளாஸக் கீழ வச்சிருவான் தெரியுமா ராக்கு என்றது. அதிலிருந்து கதை கதையாக. நான் கேட்பேன். செல்வம் கேட்டால் இருமுவான். பிரமிளா நல்ல பிள்ளைதான், ஆனால் வாய் சும்மா இருக்காது. ஒரு போட்டோகூட இல்லாத ஸ்டார் எங்க அத்தை மட்டும்தான் என்று அவள் அம்மா வீட்டில் சொல்லிச் சிரித்ததை அக்கா கேட்டுவிட்டது. சொன்னேனே, காது. அன்றைக்கு ரசத்தில் உப்பு மட்டும் ரெண்டு தரம் விழுந்திருந்தது.

போஸ்டர் பைத்தியம் என்னுடையது, அக்காவுடையது இல்லை. அதைச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் இந்த மண்டபத்தில் நாடக விழா நடக்கும், விழாவில் பழைய விழாக்களின் போஸ்டரில் ஒன்று ரெண்டை எடுத்துத் திரும்ப அச்சடித்து விற்பார்கள், பொன்மாறன் என்று ஒரு தம்பி, ஜிப்பா போட்டுக்கொண்டு, தாடிக்குள்ளேயே சிரிக்கிற தம்பி, அதுதான் இதையெல்லாம் தேடிப் பிடித்துச் செய்கிறது. ஒரு தடவை அக்காவோடு துணைக்கு வந்தவள் மேசை ஓரமாக நின்றேன், நின்றது நின்றபடி. ஒரு பெரிய கறுப்புத் தாள். முழுக்கக் கறுப்பு. அதில் இத்துனூண்டு மஞ்சளாக ஒரு பல்பு, பட்டாணி அளவுதான். கீழே ஓரத்தில் எறும்பு வரிசை மாதிரி எழுத்து. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் கொட்டை எழுத்து என்றால்தான், அதனால் நான் அந்த எழுத்தைப் படிக்கவில்லை, அந்த மஞ்சளைப் பார்த்தேன். இவ்வளவு பெரிய இருட்டை அந்தப் பட்டாணி எப்படித் தாங்குகிறது என்று இருந்தது. அவர் போன புதுசு அப்போது. வாங்கிக்கொண்டு போய்ச் சுவரில் ஒட்டினேன். அக்கா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதுல ஆளு எங்கடி என்றது. ஆளில்ல அக்கா, லைட்டுதான். ஆளில்லாம என்ன போஸ்டரு, லைட்டப் பாக்கவா டிக்கெட் எடுப்பான் என்றது. அதிலிருந்து எங்களுக்குள் அதுதான் வழக்கு. நான் சேர்த்த போஸ்டரெல்லாம் பிளம்பர் விட்டுப்போன பிளாஸ்டிக் பைப்பில் ரெண்டு பக்கமும் மூடி போட்டு வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை எடுத்துக் கட்டிலில் விரிப்பேன். ஒன்றில் விழா என்கிற எழுத்தில் வருகிற ழ இருக்கிறதே, அதன் வால் கீழே இறங்கி, வளைந்து, தாளையே ஒரு சுற்றுச் சுற்றி, நடிக்கிறவர்கள் பேரையெல்லாம் பூத் தொடுத்த மாதிரி கோத்துக்கொண்டு மேலே வந்து முடியும். அதைப் போட்டவன் கையை எடுக்காமல் போட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றும், நான் விரலால் அதன் மேலேயே போய்ப் பார்ப்பேன், எனக்கு மூச்சு முட்டிவிடும். இன்னொன்றில் மேலே சிவப்பாக ஆரம்பித்து, நடுவில் செம்பருத்தி வாடின கலராகி, கீழே நீலமாக முடியும், ரெண்டு மையை ஒரே உருளையில் விட்டு ஓட்டினால் அப்படி வருமாம். அந்தக் கலர்களுக்கு நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கலர் இருக்கிறது, அதற்குப் பேரே கிடையாது, நான் அதைப் பார்க்கத்தான் அந்தப் போஸ்டரையே விரிப்பது. சில பேர் அசல்தான் வேண்டும், மறுபதிப்பை யார் வாங்குவார்கள் என்று மூக்கைச் சுளிப்பார்கள். அசல் எங்கே இருக்கிறது. பசை தடவிச் சுவரில் ஒட்டினது, பாதியை மழை கொண்டுபோனது, பாதியை ஆடு தின்றது. எனக்கு என்னமோ புதிதாக வந்த பழசுதான் பிடிக்கிறது, மை வாசனையோடு, கசங்காமல். அக்காவுக்கு முகம் இருக்கிற போஸ்டர் மட்டும். ஒவ்வொரு வருஷமும் மேசையில் குனிந்து முகம் முகமாகப் பார்க்கும், பார்த்துவிட்டு நிமிர்ந்து, இது எங்க விழா இல்ல என்று சொல்லும். எங்கள் விழா என்று அது சொன்ன விழாதான் இந்த வருஷம் கிடைத்திருக்கிறது. யாரோ ஒருத்தர் வீட்டு அலமாரித் தட்டில், பாத்திரத்துக்கு அடியில் விரித்துப் போட்டிருந்த தாளாம்.

போன வாரம் பொன்மாறன் தம்பி போனில் படம் அனுப்பியது. வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் அனுப்புகிற படம்தான். நான் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டு இருந்தேன், கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மேலே இடது மூலையில் மீசை வைத்த ராஜபார்ட், வலது மூலையில் ஒரு பெண்பிள்ளை, நடுவில் கொஞ்சம் கீழே பல்லைக் காட்டிக்கொண்டு பபூன், எல்லாருக்கும் முட்டை வட்டம், வட்டத்தைச் சுற்றிப் புள்ளி வைத்த பூவேலை. எழுத்துக் கூட்டினேன். ம. னோ. அட, நம்ம அக்கா பேரு. ரெண்டு விரலை வைத்துப் பெரிசாக்கினேன். இன்னும் பெரிசாக்கினேன். பெரிசாக்க ஆக்க முகம் போய்ப் புள்ளி புள்ளியாகி, கறுப்பும் வெள்ளையுமாக எள்ளும் அரிசியும் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. திரும்பச் சின்னதாக்கினேன். அக்கா இல்லை. வயசான முகத்தில் இளமையைத் தேடுகிற கஷ்டம் இல்லை அது. அக்காவுக்கு முகம் ஆல இலை மாதிரி, இந்தப் பெண்ணுக்குத் தாடை அகலம். மூக்கு வேறே, கண்ணுக்கும் புருவத்துக்கும் இருக்கிற தூரம் வேறே. காதுகூட வேறே. கத்திரிக்காய் கறுத்துப்போச்சு, குழம்பு வைக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது வந்த ஒரு நினைப்பு இருக்கிறது, அதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். அப்போ இது யாரு என்றுதான் முதலில் கேட்டது மனசு. கேட்டுவிட்டுத் திரும்பி, அப்போ அது யாரு என்று கேட்டது. கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் காம்பைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு பேரனுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டு இருந்ததே, அது யாரு. மனோரஞ்சிதம் என்று ஒருத்தி இருந்திருக்கிறாள், பெரிய ஸ்திரீபார்ட்டாக. அவள் பேரை எடுத்து உடுத்திக்கொண்டு ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாளா. போட்டோவை விட்டுவிட்டு வந்தேன் என்றது போட்டோவே இல்லாததாலா. தொண்டை கட்டியிருக்கு என்றது கட்டியிருந்ததாலா, இல்லை பாடவே தெரியாததாலா. சே. எனக்கு டைபாய்டு வந்தபோது ராவும் பகலும் உட்கார்ந்து தலையைக் கோதினது அந்தக் கைதான். அந்தக் கையைப் போய். ஆனால் நினைப்பு என்ன பண்ணும், ஈ மாதிரி, விரட்டினால் எழும்பிப் போய் அதே இடத்தில்தான் உட்காரும்.

அதற்கு மாற்றும் இருக்கிறது, இல்லாமல் இல்லை. போன வருஷம் பொன்மாறன் தம்பியே மேடையில் சொன்னது. அந்தக் காலத்து அச்சாபீசில் நடிக்கிறவர்கள் முகத்தையெல்லாம் தகட்டில் செதுக்கி, கட்டையில் அறைந்து, டிராயர் டிராயராக வைத்திருப்பார்களாம். பிளாக் என்று பேர். போஸ்டர் அடிக்கும்போது அந்த ஆளின் பிளாக் கிடைத்தால் அதைப் போடுவது, கிடைக்காவிட்டால், விழாவோ நாளைக்கு, என்ன செய்வான், கையில் அகப்பட்ட ஒரு பெண்பிள்ளை முகத்தைப் போட்டு அடித்துவிடுவான். யாரும் கேட்கமாட்டார்களாம். பேரைப் பார்த்துத்தான் ஜனம் வரும், முகத்தைக் கொட்டகையில் வந்து பார்த்துக்கொள்ளும். தம்பி இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், அக்கா அன்றைக்குச் சளி என்று வரவில்லை. அதனால் பிளாக் மாறியிருக்கும். அவ்வளவுதான். அக்கா முகம் இன்னொரு டிராயரில் கிடந்திருக்கும், இந்த முகத்தைப் போட்டு அடித்திருப்பான். இதை நான் மனசில் எழுதி எழுதிப் பார்க்கிறேன். ஆனால் இதை யாரிடம் சொல்ல. செல்வத்திடம் சொன்னால் இருமுவான். பிரமிளா என்ன சொல்வாள் என்று எனக்கு இப்போதே கேட்கிறது, ஆஹா, போட்டோவும் இல்ல, கிடைச்ச ஒரு போட்டோவும் வேற ஆளோடதா, நல்லாருக்கே சின்னத்தை என்பாள். நானே நம்புவதற்கு இவ்வளவு பாடுபடுகிறேன். படுத்தால் பிளாக் மாறிருச்சு, எழுந்தால் அப்போ இவங்க யாரு. பொறுக்க முடியாமல் தம்பிக்குப் போன் போட்டேன். அங்கேதான் பிசகினேன். நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல், தம்பி, அந்த வலது பக்கத்து முட்டைப் படத்துல கொஞ்சம் மை கூடுதலா விழுந்தா என்னாகும் என்று கேட்டேன். தம்பி சிரித்தது. ஏம்மா, நீங்கதான சொல்லுவீங்க, உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு நகர்ந்து விழுந்திருக்கே, அத அப்பிடியே விட்டதுதான் அழகுன்னு. ஒரு புள்ளி மாத்த மாட்டோம்மா, தப்பும் சேர்ந்துதான் போஸ்டர். நான் சொன்னதுதான். என் வாயே எனக்கு வினை. சரி தம்பி என்று வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை, நாக்கு தன்பாட்டில், அந்த மனோரஞ்சிதம் எங்க அக்காதான் தம்பி என்று சொல்லிவிட்டது. உயிரோட இருக்காங்களா என்றது தம்பி. நேத்துகூட என்னையத் திட்டுனாங்க தம்பி என்றேன். ஐயோ அம்மா, இத்தன வருஷமா வந்து வாங்கிட்டுப் போறீங்க, ஒரு வார்த்த சொல்லலையே, அவங்கள மேடைக்குக் கூப்பிட்டுத்தான் துணியவே எடுக்கணும் என்றது. மையைக் கொட்டச் சொல்லிப் போனைப் போட்டவள் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு வந்தேன். சரி, முகத்தை மாற்றச் சொல்லியிருந்தால்தான் என்ன, எந்த முகத்தைக் கொடுத்திருப்பேன், அக்காவின் இளம் வயசு முகம் என்று ஒன்று இந்த உலகத்தில் எங்கேயாவது இருந்தால்தானே.

அக்காவிடம் சொல்லியிருக்கலாம். வாரம் முழுக்க வாய் வரைக்கும் வந்தது. அக்கா, அந்தப் போஸ்டர்ல என்று ஆரம்பிப்பேன். தெரியும்டி, சிவப்புப் புடவை கட்டிக்கவா மாம்பழமா என்று கேட்கும். போனில் படத்தைக் காட்டு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, துணி எடுக்கும்போது பாத்துக்கிறேன், முன்னாடியே பாத்தா கண்ணு பழகிப்போகும் என்றது. பால் பூத்துக்காரரிடம் சொல்லிவிட்டது. மாடி வீட்டு டீச்சரிடம் சொல்லிவிட்டது. முழங்கால் வலிக்குக் கரண்ட் வைக்கிற பொண்ணிடம் சொல்லிவிட்டது, அந்தப் பொண்ணு லீவு போட்டுவிட்டு வந்து பின்னால் உட்கார்ந்திருக்கிறது. காலையில் கடைசியாக ஒன்று செய்து பார்த்தேன், அக்கா, எனக்குத் தலை சுத்துது, இன்னிக்கு வேண்டாமே என்றேன். சுத்துற தலைய அங்க கொண்டாந்து வச்சுக்க, ஃபேன் இருக்கு என்றது. இப்போது ஃபேனுக்குக் கீழேதான் இருக்கிறேன். பிரமிளா முன்னால் வந்து குனிந்து போனை நீட்டுகிறாள். "சின்னத்தை, கொஞ்சம் தள்ளிக்கங்க, அத்தையத் தனியா ஒண்ணு எடுக்கணும். இது பிஃபோரு. துணிய எடுத்ததும் போஸ்டர் பக்கத்துல நிப்பாட்டி ஆஃப்டரு. ரெண்டையும் சேத்துக் குரூப்ல போடப்போறேன்." அக்கா தாளத்தை நிறுத்தாமலேயே சொல்கிறது, "ஆஃப்டர எடுக்கையில சொல்லு, பவுடர் போட்டுக்கிறேன்." பிரமிளா சிரிக்கிறாள், நல்ல சிரிப்புதான், நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை, சினிமா ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் சிரிப்பு. "என்ன சின்னத்தை உங்களுக்கு இப்பிடி வேர்க்குது." அக்கா என் பக்கம் திரும்பாமல், "அவளுக்கு என்னையவிட ஆசை" என்றது. கேட்டீர்களா. ஆசையாம். அக்கா, நான் ஆசையில் வேர்க்கவில்லை, உன்னைச் சந்தேகப்பட்டு வேர்க்கிறேன், நாற்பது ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் படுத்தெழுந்த உன்னை ஒரு முட்டை வட்டத்தை வைத்துக்கொண்டு சந்தேகப்படுகிறேன். மெதுவாக, மெதுவாக. தாளம் நின்றுவிட்டது. கேட்டுவிட்டதா. இல்லை, வாசலைப் பார்க்கிறது. வாசலில் செருப்புச் சத்தம், சால்வை, சந்தன மாலை. கேட் திறந்துவிட்டார்கள்.

பேசுகிறார்கள். விருந்தினர் பேசுகிறார், பொன்மாறன் தம்பி பேசுகிறது, எழுத்து, மை, தாள், பிளாக் என்று காதில் விழுகிறது, பிளாக் என்றதும் நான் நிமிர்ந்தேன், சொல்லு தம்பி, அந்த மாறிப்போகிற கதையைச் சொல்லிவிடு, எல்லாரும் கேட்கட்டும், ஆனால் தம்பி வேறே பக்கம் போய்விட்டது, புள்ளிப் பூவேலையை மெச்சிக்கொண்டிருக்கிறது. துணிக்கு ஓரமாகத் தாளின் அடி விளிம்பு கொஞ்சம் தெரிகிறது, பழுப்பும் இல்லாத மஞ்சளும் இல்லாத ஒரு நிறம், நான் விரும்புகிற நிறம், இந்த நேரத்திலும் கண் அதற்குத்தான் போகிறது பாருங்கள். அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம், மேலே பார்க்கவே வேண்டாம். மணி அடித்தது. துணி ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. கை தட்டினார்கள். நல்ல போஸ்டர், நல்ல அச்சு, சிவப்பு அப்படியே ரத்தச் சிவப்பாக நிற்கிறது, மனோரஞ்சிதம் என்ற எழுத்து ஒவ்வொன்றும் வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கிறது. "வலது மேல் மூலையில இருக்கிற ஸ்திரீபார்ட் இன்னைக்கு நம்மகூட இந்த மண்டபத்துல இருக்காங்க" என்று தம்பி மைக்கில் சொல்லி, போஸ்டரைப் பார்த்து, அக்காவைப் பார்த்தது. திரும்பப் போஸ்டரைப் பார்த்தது. அதற்குள் கைதட்டல் ஓய்ந்துவிட்டது. பின்னால் யாரோ, "இந்த மூக்கு எங்க, அந்த மூக்கு எங்க" என்றார்கள், மெதுவாகத்தான் சொன்னார்கள், ஆனால் அக்காவுக்கு அது மைக்கில் சொன்ன மாதிரி. பிரமிளா போனை இறக்கிவிட்டு என் தோள் பக்கமாகக் குனிந்தாள். "சின்னத்தை, இது அத்தை இல்லையே." இப்போது அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவள் முகத்தில் பாவம் தெரிந்தது, அக்காவுக்காக வெட்கப்படுகிற பாவம், அதைப் பார்த்ததும்தான் எனக்கு உள்ளே ஏதோ ஒடிந்தது. பிளாக் மாறியிருக்கும்டி என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கும் தொண்டை கட்டிக்கொண்டது.

அக்கா என் தோளைப் பிடித்து எழுந்தது. முழங்கால் ரெண்டும் நெட்டி முறிந்தது. மேடைப் படியில் ஒரு கையை ஊன்றி ஏறி, யார் கொடுத்த கையையும் வாங்காமல் போய், போஸ்டருக்கு முன்னால் நின்றது. மூக்கு தாளில் இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தது. முதுகுதான் எனக்குத் தெரிகிறது, மாம்பழப் பட்டு, கனகாம்பரம், கழுத்தில் ரவிக்கைக்கு மேலே தெரிகிற பழைய தீக்காய வடு. திரும்பி என்ன சொல்லப்போகிறது. இது நான் இல்ல, பிளாக்க மாத்திப் போட்டுட்டான் அந்தப் பய என்று சொல்லும். சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள், தம்பி நம்பும், நான், நான் நம்புவேன், நம்பிவிடுவேன், திரும்பு அக்கா, சொல்லு. இல்லை, அழப்போகிறதா. மாமியார் செத்தபோதுகூட நான்தான் அழுதேன். வெகு நேரம் பார்த்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டுச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தது. தம்பி மைக்கை மூடிக்கொண்டு கிட்டப் போய், "அம்மா, வேணும்னா நாம" என்று என்னமோ தொடங்கியது. அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன் கையில் கொடுத்தது. "இதப் பிடிங்க தம்பி. அந்த நாற்காலிய இங்கிட்டுத் தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். லைட்டு என் மேல விழணும்ல."

போஸ்டருக்குப் பக்கத்தில், அந்த வட்டத்துக்குக் கீழேயே, அக்கா உட்கார்ந்தது. கொண்டையிலிருந்த கனகாம்பரத்தை இழுத்து வலது தோளுக்கு முன்னால் விட்டது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பியது. முகவாயைத் தோளுக்கு இறக்கியது, இறக்கினதும் தாடை எங்கிருந்தோ அகலமாக வந்தது. கீழ் உதட்டைக் கொஞ்சம் முன்னால் விட்டது. கன்னம் உள்ளே போனது, மூக்கு நீண்டது. கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோய், அங்கே யாரோ வந்து நிற்கிற மாதிரி, வந்தவனைப் பிடித்தும் இருக்கிற மாதிரி, பிடித்திருப்பதைக் காட்டக் கூடாது என்கிற மாதிரி வைத்தது. நான் அந்த ஓரத்தைத் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. திரும்பி வந்தால் நாற்காலியில் அக்கா இல்லை. என்னைத் திட்டுகிற முகம், ரிமோட்டுக்குச் சண்டை போடுகிற முகம், என் தலைமாட்டில் விழித்திருந்த முகம், அது எங்கேயும் இல்லை. மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி, ரெண்டும் ஒருத்தி. பின்னால் முணுமுணுத்தவர்கள் சத்தம் அடங்கிவிட்டது. மூக்கைப் பற்றிச் சொன்ன அம்மாள் எழுந்து நின்றுகொண்டு பார்க்கிறாள். "அத்தை" என்றாள் பிரமிளா, கூப்பிட்டது இல்லை, தனக்குத்தானே சொன்னது. போனைத் தூக்கினாள், எடுக்க மறந்து பிடித்துக்கொண்டே நிற்கிறாள். தம்பி கையில் மூக்குக் கண்ணாடி அப்படியே இருக்கிறது. ஃபேன் மட்டும் ஓடுகிறது. எனக்கு வேர்வை நின்றுவிட்டது, எப்போது நின்றது என்று தெரியவில்லை. அந்த அமைதியில், கடைசி வரிசை வரைக்கும் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிகிற வரைக்கும் பொறுத்து, இம்மி பிசகாமல் அப்படியே உட்கார்ந்தபடி, படத்தில் இருக்கிறவளிடம் இல்லாத ஒன்றாக, அக்கா இடது புருவத்தை மட்டும் மெதுவாக மேலே ஏற்றியது.